குப்ரிக் கதை

செஞ்சி கடைத்தெருவில் யாராவது பொய் சொன்னால், "இது இன்னா, குப்ரிக் கதையா?" என்று கேட்கிற அளவுக்கு வந்துவிட்டது.

அந்தக் கதைக்குச் சொந்தக்காரர் ஜவுளிக்கடை தனகோட்டி. மத்திய சர்க்கார் உத்தியோகத்தில் சிம்லாவில் இருந்த தம்பியைப் பார்க்க மனைவி ஆதிலட்சுமியோடு போய்வந்தவர். பக்கத்தில் குப்ரி என்று ஒரு சின்ன மலையூராம். எங்கே பார்த்தாலும் பனியாம். காலில் நீளப் பலகையைக் கட்டிக்கொண்டு மேலேயிருந்து சறுக்கி வருவார்களாம்.

இதுவரைக்கும் ஊர் நம்பியது. தன் மனைவியும் சறுக்கினாள், ஒருதரம்கூட விழவில்லை என்றார் பாருங்கள், அங்கேதான் மாட்டிக்கொண்டார்.

"புடவையோடயா?" என்றார் எதிர்க்கடை விநாயகம்.

"புடவையோடதான்யா. கமலக்கண்ணியம்மனுக்குப் பொங்கல் வெச்சிட்டு, பானையைத் தலைல வெச்சிக்கினு, கையால புடிக்காம ராஜகிரி மலை எறங்குறவ. அதே மாதிரி அங்கயும் நின்னா."

விநாயகம் விடுவாரா? நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு வீட்டுக்கே போய் விசாரித்தார். ஆதிலட்சுமி தலை நிமிரவில்லை.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. அவரு சும்மா சொல்றாரு."

அவ்வளவுதான். பெண்டாட்டி பேரில் பெருமையடித்த புளுகன் என்று பட்டம் கட்டிவிட்டார்கள். குப்ரியில் ஒருத்தர் போட்டோ பிடித்தார், தபாலில் வரும் என்று தனகோட்டி சொன்னதற்கும் சிரித்தார்கள். மாதங்கள் ஓடின. போட்டோ வந்தபாடில்லை.

ஒருநாள் வல்லத்திலிருந்து வந்த பழைய வாடிக்கைக்காரர் புடவையைத் தடவிப் பார்த்தார். "சாயம் போவாதுன்றீங்களே மொதலாளி, இதுவும் குப்ரிக் கதைதானா?" என்று கேட்டுவிட்டு, வாங்காமலே எழுந்து போய்விட்டார்.

சொன்ன சொல்லை வைத்துத்தான் தனகோட்டிக்கு வியாபாரமே. அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஆதிலட்சுமிக்கு அது பொறுக்கவில்லை. அரிசிப் பானைக்குள் கைவிட்டு, எப்போதோ தபாலில் வந்த ஒரு கவரை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"நீங்க மட்டும் பாருங்க. வெளிய காட்டாதீங்க" என்றாள்.

வெள்ளிக்கிழமை கடை திறந்தபோது, சாமி படத்துக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்டு அந்தப் போட்டோ தொங்கியது. கூட்டம் கூடிவிட்டது. பனிச்சரிவில், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, தலையில் பானை இருப்பது போல நிமிர்ந்து நின்று சறுக்கி வருகிறாள் ஆதிலட்சுமி.

விநாயகம்தான் கிட்டே போய்க் குனிந்து பார்த்தார்.

"ஆமா, கீழ ஒருத்தன் குரங்குக் குல்லா போட்டுக்கினு, பலகை ஒருபக்கம் ஆளு ஒருபக்கமா குப்புற கெடக்குறானே, யாருய்யா அது?"

சேதி கேட்டு ஆதிலட்சுமி ஓட்டமாய் வந்துவிட்டாள்.

"கழட்டுங்க அதை. இப்படி நாலு பேரு உங்களைப் பாத்து சிரிக்கக்கூடாதுன்னுதானே ஒளிச்சி வெச்சேன், இல்லவே இல்லைன்னும் சொன்னேன்" என்றாள். அழுகையே வந்துவிட்டது அவளுக்கு.

தனகோட்டி கழற்றவில்லை. துண்டை எடுத்து அந்தக் கண்ணாடியை இன்னொருதரம் துடைத்தார்.

"கெடக்குறது நான்தான், விநாயகம். நல்லா சிரிச்சிக்கோ. சிரிச்சி முடிச்சிட்டு, நிக்குறது யாருன்னு தெருவுக்கெல்லாம் நீயே போய்ச் சொல்லு."