புதுக் காரின் உறுமல்

சிவப்புக் காரைத் தூக்கிப் பிடித்தபடி நின்ற ஜாக்கிக்கு முதுகு வலியைவிடக் காது வலிதான் பெரிது. அந்த ஷெட்டில் சிவப்புக் காருக்கும் பச்சைக் காருக்கும் பொழுது விடிந்தால் இதே பேச்சு: எப்போதோ மூடிப்போன தங்கள் கம்பெனியின் வல்லூறு முத்திரையை யாரோ வாங்கி, பேட்டரியில் ஓடும் புதுக் காரின் மூக்கில் ஒட்டிவிட்டார்களாம்.

ஒருநாள் அந்தப் புதுக் காரே உள்ளே வந்து நின்றது. "வணக்கம் ஐயா" என்று பணிவாகச் சொல்லிவிட்டு, ஸ்பீக்கரில் ஓர் உறுமல் உறுமிக் காட்டியது.

"இதெல்லாம் ஒரு சத்தமா? தகர டப்பாவுல கல்லைப் போட்டு உருட்டின மாதிரி! எங்க வம்சத்துல எவனாவது இப்படிக் கத்தியிருக்கானா?" என்று பொரிந்தது சிவப்பு.

"நல்லாக் கேளு!" என்றது பச்சை.

ஜாக்கிக்குப் பொறுக்கவில்லை. "சிவப்பு ஐயா, அது உங்க சத்தம்தான்! போன வருஷம் உங்க சைலன்ஸர்கிட்ட மைக்கை வெச்சுப் பதிவு பண்ணிட்டுப் போனாங்களே, மறந்துட்டீங்களா?"

அப்பாடா, இனிமேலாவது நிம்மதி என்று ஜாக்கி மூச்சு விடுவதற்குள் பச்சை தொண்டையைக் கனைத்துக்கொண்டு சிவப்பின் பக்கம் திரும்பியது.

"நான்தான் அன்னைக்கே சொன்னேனே, நீ அசல் வல்லூறே இல்லைன்னு!"