மார்க்கெட் ரோடு குழாய் ஸ்பீக்கர்

"இதைத் தொட்டா ஆள் செத்துடுவானா சவுரி?"

மேடைத் திரைக்குப் பின்னால் ஆம்ப்ளிஃபயர் பெட்டியின் முதுகுப் பக்கம் குனிந்திருந்த மைக் செட் சவுரிமுத்து திடுக்கிட்டு நிமிர்ந்தான். கேட்டவள் ரத்தினபாய் டீச்சர். கேட்ட தோரணையைப் பார்த்தால், ஆமாம் என்று சொன்னால் சந்தோஷப்படுவாள் போலிருந்தது.

"இன்னா டீச்சர் நீங்க. இது ஸ்பீக்கருக்குப் போற ஒயரு, ஒண்ணும் ஆவாது. இதுலேர்ந்து ஒரு ஜோடி இழுத்துகினு போய், மார்க்கெட் ரோட்டுல என் கடையில கீற இன்னொரு ஆம்ப்ளிஃபயருக்குக் குடுத்துடுவேன். இங்க பேசறது அங்க குழாய்ல கேக்கும்."

"அப்படியே சொருகிட வேண்டியதுதானே? நடுவுல என்ன அது?"

"சொருகினா அந்த மெஷின் பொகைஞ்சிடும் டீச்சர். ஸ்பீக்கருக்குப் போறது முரட்டு சத்தம். இந்த ரெசிஸ்டர் ரெண்டையும் போட்டு அடக்கித்தான் உள்ள வுடணும்."

ஒன்பதாம் வகுப்பில் இரண்டு முறை கோட்டடித்தவனை உட்கார வைத்துப் பாடம் சொல்லிக் கரையேற்றியவள் ரத்தினபாய். அவள் கேட்டால் சவுரிமுத்து ரயில் என்ஜினுக்கே ஒயர் இழுப்பான்.

தாம்பரத்தில் அந்தப் பள்ளிக்கூடத்தில் பத்தொன்பது வருஷம் சரித்திரம் நடத்தியிருக்கிறாள். அடுத்த ஹெட்மிஸ்ட்ரஸ் அவள்தான் என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் வந்து விழுந்தது ஒரு மொட்டைக் கடுதாசி. பரீட்சைக் கேள்வித்தாளை டியூஷன் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே காட்டுகிறாளாம். கரெஸ்பாண்டென்ட் தேவானந்தம் அவளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. தனக்கு உறவான யூனிஸைக் கொண்டுவந்து அந்த நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்.

கடுதாசியை எழுதியதே அந்த மனுஷன்தான். ரத்தினபாய்க்கு அதில் துளிச் சந்தேகமும் கிடையாது. ரயில்வே ஆபீஸ் குமாஸ்தாவான அவள் கணவர் சத்தியநாதனும், "அவரேதான், வேற யாரு?" என்றார். அவள் அழுதபோதெல்லாம் காபி போட்டு ஆற்றிக் கொடுத்தார்.

"போகுது விடு ரத்தினம். நீ ஹெச்.எம். ஆகியிருந்தா என்னை ஊர்ல எல்லாரும் ஹெச்.எம். வீட்டுக்காரர்னுதான் கூப்பிட்டிருப்பாங்க" என்று சிரிக்க வைக்கக்கூடப் பார்த்தார் பாவம்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. எட்டு மாதமாக வயிறு எரிந்துகொண்டிருந்தது. அந்தத் தேவானந்தத்தின் வாயாலேயே அந்த அயோக்கியத்தனம் வெளியே வர வேண்டும், அதை ஊர் கேட்க வேண்டும், அப்புறம் அவர் எந்த முகத்தோடு சர்ச்சில் முதல் பெஞ்சில் உட்காருகிறார் என்று பார்க்க வேண்டும்.

அன்றைக்குப் பள்ளிக்கூட ஆண்டு விழா ஐந்து மணிக்கு முடிந்தது. சவுரிமுத்து எல்லார் கண்ணெதிரிலும் ஹால் ஸ்பீக்கர்களைக் கழற்றி ஓரமாக வைத்தான். ஹால் ஊமையாகிவிட்டது. மேசைமேல் மைக் மட்டும் உயிரோடு இருந்தது, அது யாருக்கும் தெரியாது.

வருஷா வருஷம் நடக்கிற மாதிரி, கமிட்டிக்காரர்கள் மேடையிலேயே காபிக்கு உட்கார்ந்தார்கள். கணக்கு வாத்தியார் தோத்தாத்ரி கடுதாசிப் பேச்சை எடுப்பதாக ரத்தினபாயிடம் ஒப்புக்கொண்டிருந்தார். மைக் சங்கதியை அவருக்கும் சொல்லவில்லை.

ரத்தினபாய் நடுவிலிருந்த இரண்டு தெருவையும் ஓட்டமும் நடையுமாகக் கடந்து, சைக்கிளில் முன்னாலேயே போய்விட்ட சவுரிமுத்துவின் கடைக்கு வந்தாள். வரச்சொல்லியிருந்தபடி சத்தியநாதன் காய்கறிப் பையோடு நின்றுகொண்டிருந்தார்.

"என்னமோ வேடிக்கை காட்டறேன்னியே?"

"பொறுங்க. இப்பத் தெரியும்."

கடை மாடியிலிருந்த குழாய் கரகரத்தது. காபி டம்ளர் வைக்கிற சத்தம் கேட்டது. டீக்கடையில் நின்றவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள்.

"ரத்தினபாய் மேல வந்த கடுதாசி இருக்கே," இது தோத்தாத்ரியின் குரல். "எழுதினது யார்னு உங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தோணறது."

"அதை விடுங்க தோத்தாத்ரி சார்," என்றது தேவானந்தத்தின் குரல்.

சத்தியநாதன் பையை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிக்கொண்டார். "வா ரத்தினம், போயிடலாம். தனியா பேசிக்கிறதை இப்படி ஊருக்கே போட்டுக் காட்டறது பாவம்."

"பாவமா? எனக்குப் பண்ணினது என்னவாம்? நல்லா கேட்கட்டும்." சவுரிமுத்துவை ஒதுக்கித் தள்ளிவிட்டு, வால்யூம் திருகை அவளே கடைசி வரைக்கும் திருப்பினாள். காய்கறிக்காரிகள் பேரம் பேசுவதை நிறுத்திவிட்டார்கள்.

"அடுத்த மாசம் நான் ரிடையர் ஆறேன். மனசு கேக்கலை, சொல்லுங்கோ," என்றது தோத்தாத்ரியின் குரல்.

பிறகு தேவானந்தம் பேசினார்.

"அந்தக் கடுதாசியில ஒரு காப்பி ஸ்கூல் இன்ஸ்பெக்டர் ஆபீசுக்கும் போயிடுச்சு. என் கையில என்ன இருக்கு? யூனிஸுக்கு ஆர்டர் வந்தப்புறம்தான் எழுதின ஆள் யாருன்னே எனக்குத் தெரிஞ்சுது. கூப்பிட்டுக் கேட்டேன், வெளியில சொல்லாதீங்கன்னு அழுதுட்டாரு. அந்தம்மா எட்டு மாசமா என்னை எரிச்சுடற மாதிரி பார்க்குது. பார்க்கட்டும். ஒரு குடும்பம் கெடக் கூடாதுன்னு வாயை மூடிக்கிட்டேன்."

ரத்தினபாயின் கை திருகின் மேலேயே இருந்தது.

"நமக்குள்ள இருக்கட்டும் சார். இந்த ஹாலைத் தாண்டி வெளியில போகாது," என்று தோத்தாத்ரி வாக்குக் கொடுத்தார்.

தேவானந்தம் தொண்டையைச் செருமினார். மார்க்கெட் ரோடு முழுக்கக் கேட்டது.

"எழுதினது அவங்க வீட்டுக்காரர் சத்தியநாதன்."