தங்கப்பொண்ணு அழும் காட்சி

வில்லாபுரம் தியேட்டரில் மதிய ஆட்டம். புரொஜெக்டர் ஒளியில் பீடிப்புகை நீலமாய்ச் சுருள்கிறது. சினிமாஸ்கோப் படம். அகலத் திரையில் கதாநாயகனின் முகம் அளவாக, அழகாக இருக்கிறது. "ஒம் பிள்ளையக் காப்பாத்த முடியல" என்கிறான். அடுத்த ஷாட்டில் தாயாக நடிக்கும் தங்கப்பொண்ணு கதறுகிறாள். அவள் முகம் மட்டும் பக்கவாட்டில் இழுபட்டு, மிதிபட்ட பூசணிக்காய் போல விரிகிறது. கூட்டம் சிரிக்கிறது. மறுபடி கதாநாயகன், அமைதி. மறுபடி அவள், விசில். இந்தக் காட்சிக்காகவே கல்யாணப் புடவை கட்டி வந்திருக்கும் தங்கப்பொண்ணு, பக்கத்து நாற்காலியில் இருக்கும் கேமராக்காரர் பசுபதியிடம் திரும்புகிறாள். "ரெண்டு பேருக்கும் ஒரே லென்சுன்னுதானண்ணே சொன்னீக?" அவர் திரையையே பார்க்கிறார். "அவரு ஷாட் முடிஞ்சதும் ஸ்கோப் லென்ஸ் மெட்ராஸ் போயிருச்சும்மா. ஒன்னைய சாதா லென்ஸ்லதான் எடுத்தோம். அத ஸ்கோப் புரொஜெக்டர்ல ஓட்டுனா பக்கவாட்டுல இழுத்துரும்." "இப்பிடி இழுத்துக் காட்டும்னு அப்பவே தெரியுமா?" பசுபதி முறுக்குப் பொட்டலத்தை மெல்ல மடிக்கிறார். "தெரியும்." "தெரிஞ்சுக்கிட்டேவா செத்துப்போன எம் மகன நெனச்சு அழச் சொன்னீக?" திரையில் அவள் மார்பில் அடித்துக்கொண்டு, கதையில் இல்லாத ஒரு பெயரைக் கூப்பிடுகிறாள்: "அழகுமலை, எய்யா அழகுமலை." முன்வரிசையில் ஒருவன் அதே குரலில் அந்தப் பெயரைக் கூப்பிட்டுக் காட்ட, தியேட்டரே குலுங்கிச் சிரிக்கிறது.