நகீத்துக்குத் தெரிந்த பெயர்

அந்த நகரத்து யூதர்கள் தங்கள் தலைவரை நகீத் என்று அழைத்தார்கள். அவர்களுடைய ஜெபக்கூடத்தில், அநீதிக்கு ஆளானவர் யாராக இருந்தாலும் எழுந்து நின்று ஜெபத்தை நிறுத்தலாம். பதில் கிடைக்கும்வரை ஒருவரும் வேதச்சுருளைத் திறக்கக் கூடாது. அன்று முபாரகா என்ற விதவை நிறுத்தினாள்.

“சுல்தான் தூக்கில் போட நம்மில் ஓர் உயிரைக் கேட்டானாம். ஏன் ஐயா என் மகன் பெயரைச் சொன்னீர்கள்?”

“சீக்கிரம் முடியம்மா, எல்லோரும் நோன்போடு நிற்கிறோம்” என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

பார்வை மங்கிய நகீத் மேடையில் நின்றபடியே சொன்னார்: “அரண்மனையில் நின்ற நிலையிலேயே ஒரு பெயர் சொல்லச் சொன்னார்கள். வாயில் அதுதான் வந்தது. தினமும் இந்தப் படிகளில் என்னைக் கைப்பிடித்து இறக்கிவிடுகிறவன் அவன் ஒருவன்தானே.”

“நாளைக் காலையில் தூக்கு. மாற்றிச் சொல்லுங்கள்.”

“மாற்றலாம் அம்மா. வேறு பெயர் எனக்குத் தெரியாதே.”

அவர் இறங்கக் காலை நீட்டித் தடுமாறினார். ஆண்கள் எல்லோரும் கைகளை அங்கிக்குள் இழுத்துக்கொண்டார்கள். முபாரகாதான் ஓடிப் போய்ப் பிடித்தாள். ஒவ்வொரு படியாக இறக்கினாள். கீழே வந்த பிறகும் அவர் அவள் கையை விடவில்லை.

“நல்ல மனசு உனக்கு. உன் பெயர் என்னம்மா?”

அவள் சொன்னாள். அவர் மறந்துவிடக் கூடாதே என்று இன்னொரு முறையும் சொன்னாள்.