கிஷாந்த் சேரின் அடுத்த வீடியோ

"ஸும்றா, அங்க பார்! கிஷாந்த் சேர்!"

வெள்ளவத்தையில், பரீட்சை மண்டப வாசலில் தனுஷியா கத்தியே விட்டாள். வெளிவாரிப் பட்டப்படிப்பில் அவளுக்கு வகுப்பும் இல்லை, விரிவுரையாளரும் இல்லை. கொட்டாஞ்சேனை வீட்டுக் குசினியில் அடுப்பருகே போனைச் சாத்தி வைத்துக்கொண்டு, யூடியூபில் கிஷாந்த் சேரின் புள்ளிவிபரவியல் வீடியோக்களைப் பார்த்துத்தான் படித்தாள். போன முறை ஃபெயில். இந்த முறையும் கோட்டை விட்டால் இன்னொரு வருஷம் வீண்.

"சூப்பர்வைஸ் பண்ண வந்திருப்பார். ஒன்ட ஏழாம் பாட டவுட்ட இப்பவே கேளு," என்றாள் கூடவே பரீட்சை எழுத வந்த ஸும்றா.

அந்தச் சந்தேகத்தைத் தனுஷியா கமெண்டில் கேட்டுப் பல மாதமாகிவிட்டது. 'நல்ல கேள்வி. அடுத்த வீடியோவில் சொல்கிறேன்' என்று பதில் வந்தது. அந்த வீடியோதான் வரவே இல்லை.

தனுஷியா ஓடிப்போய் அவர் முன்னால் நின்றாள்.

"சேர், நான் உங்கட ஸ்டூடன்ட். கமெண்ட் போடுற தனுஷியா."

அவர் முகம் கறுத்தது. கையிலிருந்த அட்மிஷன் கார்டை மறைக்கப் பார்த்தார்.

"நானும் எழுதத்தான் வந்தனான், தங்கச்சி. இது மூண்டாம் முறை. சத்தமாச் சொல்லிப் படிச்சாத்தான் எனக்கு மண்டையில ஏறும். அதை ரெக்கோர்ட் பண்ணிப் போட்டனான். நீங்களெல்லாம் சேர் எண்டு கூப்பிடத் தொடங்கிட்டீங்கள்."

உள்ளே மணி அடித்தது. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

"அந்த ஏழாம் பாடக் கேள்வி... அதுக்கு உங்களுக்கு ஆராவது விடை சொன்னவையோ?"