முழிப்பு வந்தா போவேன்

"காலைல எத்தனை மணிக்கு வேலைக்குப் போகணும்னு உங்களுக்கு யார் சொல்றாங்க?"

"யாரும் சொல்ல மாட்டாங்க, மேடம். முழிப்பு வந்தா போவேன்."

ஃபோட்டினி பேனாவை மேசைமேல் வைத்தாள். கிரீஸின் லாரிசா நகரத் தொழிலாளர் ஆய்வு அலுவலகத்தில் அவள் எதிரே உட்கார்ந்தவர்கள் பொய் சொல்லியிருக்கிறார்கள், அழுதிருக்கிறார்கள், ஒருவர் மேசையைக் குத்தியும் இருக்கிறார். தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறாள்.

அடையாள அட்டையில் பெயர் சரியாகத்தான் இருந்தது. ஸ்டெர்யோஸ் காலிஸ், ஏ.சி. மாட்டுகிறவர். ஊரில் உள்ள ஒரு பெரிய மின்சாமான் கடை, இந்த மாசக் கடைசியோடு அவரை வேலையிலிருந்து நிறுத்தப் போகிறதாம். புகார் அப்படித்தான் சொன்னது. கடைக்காரரோ, அந்த ஆள் எங்கள் ஊழியரே இல்லை, சொந்தத் தொழில் செய்பவர், மாதாமாதம் ரசீது எழுதிக் கொடுத்துத்தான் பணம் வாங்கிப் போகிறார் என்கிறார். ஊழியர் என்று ஃபோட்டினி எழுதினால் நஷ்டஈடு உண்டு, ஈஸ்டர் போனஸ் உண்டு. இல்லையென்றால், மனைவி நிறைமாசமாக இருக்கிற வீட்டுக்கு வெறுங்கையோடு போக வேண்டியதுதான்.

அந்த நிறைமாசம்தான் ஃபோட்டினியை உறுத்தியது. எப்படியாவது நல்லது செய்துவிடலாம் என்று பார்த்தாள். மனிதர் கொஞ்சம் ஒத்துழைத்தால்தானே?

வேன் யாருடையது என்று கேட்டாள். தன்னுடையதுதான், கடன்கூடத் தீர்ந்துவிட்டது என்றார், பெருமையாக. பிடிக்காத வேலையை வேண்டாம் என்று சொல்ல முடியுமா? தாராளமாக. போன வாரம்கூட நாலாவது மாடி, லிஃப்ட் இல்லை, வேறு ஆளைப் பாருய்யா என்று சொல்லிவிட்டு வந்தாராம். கூலியை முடிவு செய்வது யார்? அவரேதான், ஆளைப் பார்த்து.

"ஆனா புகார்ல, ஏழு மணிக்குக் கடை வாசல்ல நிக்கணும்னு இருக்கே?"

"ஆமா, நிக்கணும். அஞ்சு நிமிஷம் லேட்டானா கடைக்காரன் காது கூசற மாதிரி திட்டுவான்."

"கடை பேர் போட்ட சட்டை?"

"போட்டே ஆகணும். கொளுத்துற வெயில்லயும்."

"அப்ப முழிப்பு வந்தா போவேன்னீங்களே?"

"அதுவும் நிஜம்தான், மேடம்."

ஃபோட்டினிக்குத் தலை சுற்றியது. கோப்பையில் ஐஸ் கரைந்து காப்பி தண்ணீராகிவிட்டிருந்தது. ஒரே ஆள் காலையில் கைகட்டி நிற்கிறான், அப்புறம் கால்மேல் கால் போட்டுக்கொள்கிறான் என்றால் சட்டம் எந்தப் பக்கம் போகும்? இவர் நிஜமாகவே குழம்பியிருக்கிறாரா, இல்லை தன்னைக் குழப்புகிறாரா என்றுகூடச் சந்தேகம் வந்தது.

"கடைசியா ஒண்ணு. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நீங்க ஒரு நாள் வேலைக்குப் போகலைன்னா, ஏன் போகலைன்னு கேக்க யாராவது இருக்காங்களா?"

அவர் நிஜமாகவே யோசித்தார்.

"பொண்டாட்டி கேப்பா."

இனி அவளும்தான் என்ன செய்ய முடியும்? மனசில்லாமல் எழுதினாள். எழுதியதை அவரிடம் சொல்லும்போது முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"மன்னிச்சுக்கோங்க. நீங்க சொன்னதை வச்சு வேற எப்படியும் எழுத முடியாது. நீங்க ஊழியர் இல்ல. சொந்தத் தொழில் செய்யறவர்."

கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் தலையாட்டினார்.

"அது எனக்குத் தெரியாதா, மேடம்? கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே சொந்தத் தொழில்தான். என் தம்பி விஷயம் என்ன ஆச்சு, அதைச் சொல்லுங்க."

"எந்தத் தம்பி?"

"சித்தப்பா பையன். புகார் கொடுத்தவன். அவனுக்குப் பதிலாத்தான் நான் வந்தேன். தாத்தா பேரை எங்க ரெண்டு பேருக்கும் வச்சுட்டாங்க. நீங்க என்னைப் பத்தியும் கேட்டீங்க, அவனைப் பத்தியும் கேட்டீங்க. குடும்பத்தோட விசாரிக்கறதுதான் முறை போலன்னு நானும் சொல்லிட்டிருந்தேன்."

ஃபோட்டினி அடையாள அட்டையை மறுபடி இழுத்துப் பார்த்தாள். புகாரில் இருந்த அப்பா பெயர் வேறு. பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்காத வீடு இந்த ஊரில் ஏது? தன் அசட்டுத்தனத்தின்மேல் வந்த கோபம் அப்படியே அந்தத் தம்பியின்மேல் திரும்பியது.

"பிள்ளை பிறக்கப் போற நேரம், பிழைப்பே போகப் போகுது. இதுக்குக்கூட அவரால நேர்ல வர முடியலையா?"

"காலைல கெஞ்சிப் பார்த்தான், மேடம். முதலாளி லீவு குடுக்கல."

ஃபோட்டினி எழுதியதைக் கிழித்துப் போட்டாள். அதற்கு மேல் ஒரு கேள்வியும் கேட்காமல், புதுத் தாளில் 'ஊழியர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.