சன்னாசி கேட்ட சமம்

"சன்னாசிக்கு மூளை குழம்பிப்போச்சு" என்று லயத்து வீடுகள் முழுக்க ஒரே பேச்சு.

பின்னே என்ன? ஜப்பான்காரன் காலம். ரந்தாவ் பக்கத்து எஸ்டேட்டில் ரப்பர் மரங்களை வெட்டிவிட்டு மரவள்ளி நட்டுக்கொண்டிருந்தார்கள். கூலி காசில்லை, அரிசிதான். தமிழனுக்கு ஒரு நாளைக்கு ஒரு பால் டின் நிறைய. சீனனுக்கு அரை டின். ஜப்பான்காரனுக்குச் சீனனைக் கண்டாலே ஆகாது. கொடுத்ததை வாங்கிக்கொண்டு பொத்திக்கொண்டு போக வேண்டியதுதானே?

இவன் போய், கணக்கெழுதி அரிசி அளக்கிற கிராணி திருநாவுக்கரசு முன்னால் நின்றான்.

"ஐயா, அந்தச் சீனத்தி ஆ மோய் என் பக்கத்து நிரையிலதான் குழி வெட்டுறா. எனக்கும் நூறு குழி, அவளுக்கும் நூறு குழி. அரிசி மட்டும் அவளுக்குப் பாதியா?"

"உனக்கு எங்கடா வலிக்குது?"

"வெள்ளைக்காரன் காலத்துல சீனனுக்குக் கூடுதல், நமக்குக் குறைச்சல்னு ஸ்ட்ரைக் பண்ணினோமே, அப்ப 'ஒரே வேலைக்கு ஒரே கூலி'ன்னு மனு எழுதிக் கொடுத்ததே நீங்கதானே ஐயா?"

"அது நமக்குக் குறைஞ்சப்ப எழுதினதுடா!"

வீட்டில் வள்ளிநாயகி புருஷனைப் பிடித்து உலுக்கினாள். "ஏன்யா, புள்ள காய்ச்சல்ல கெடக்கு. கஞ்சிக்கு வழி பாப்பியா, சீனத்திக்கு வக்காலத்து வாங்குவியா?"

"ஸ்ட்ரைக் நடந்த பதினாறு நாளும் நம்ம லயத்துக்கு வள்ளிக்கிழங்கு கொண்டாந்து போட்டது அவ புருஷன். அவனை ஜப்பான்காரன் லாரியில ஏத்திட்டுப் போயிட்டான். அவளுக்கும் ரெண்டு புள்ளை இருக்குடி."

கேளுங்கள் கூத்தை! தின்ற கிழங்கு செரித்து இரண்டு வருஷமாகிறது, இவன் இன்னும் ஏப்பம் விடுகிறான்.

அத்தோடு விட்டானா? மறுநாளும் போய் நின்றான். மூன்றாம் நாள் கிராணி கோபப்படவில்லை. வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார்.

"சமம்தானே வேணும்? ஆகட்டும்லா."

அன்று சாயங்காலம் அரிசி அளந்தார்கள். ஆ மோய்க்கு அரை டின். சன்னாசிக்கும் அரை டின். லயத்தில் எல்லாருக்கும் அரை டின்.

"மிச்ச அரிசி எங்கய்யா?" என்று கேட்டான் சன்னாசி.

"போர் நிதிக்கு."

போர் நிதி ஒரு சின்ன மூட்டையாகக் கிராணி வீட்டு அடுப்படிக்குள் போனது. எஸ்டேட்டே நின்று பார்த்தது.

கூட்டம் சன்னாசியைச் சூழ்ந்துகொண்டது.

"போதுமாடா உன் சமம்? எங்க வயித்துல மண்ணப் போட்டுட்டியே, பாவி!" என்று பக்கத்து வீட்டுப் பஞ்சாலை காறித் துப்பினாள். வள்ளிநாயகி காய்ச்சல் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

சன்னாசி கிராணி வீட்டைக் காட்டினான். "என்னைத் துப்பி என்ன ஆகப்போகுது? நம்ம அரிசி அங்க இருக்கு. அவர் ஒத்தை ஆளு, நாம நாப்பது பேரு. வாங்க, போய்க் கேப்போம்!"

நியாயமான பேச்சு. எல்லார் கையிலும் மண்வெட்டி வேறு இருந்தது.

விடுவோமா? நாற்பது பேரும் ஓடினோம். முன்னால் ஓடியவன் நான்தான். ஆ மோயின் குடிசைக் கதவை ஒரே உதையில் திறந்து, அவளுடைய அரை டின் அரிசியைப் பிடுங்கிக்கொண்டுதான் திரும்பினோம்.